எருமைக்குப் பயன் சொன்ன பிள்ளை

கவிதையைப் பிள்ளைகளிடம் எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டுக்கொண்டு வருகிற இளம் ஆசிரியர்களிடம் நான் முதலில் எருமையைப் பற்றித்தான் கதைப்பேன். சிலர் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். சிலர், ரீச்சருக்கு வயது போய்விட்டது என்று கண்ணாலேயே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். வயது போனது உண்மைதான். கண் இன்னும் போகவில்லை, நீங்கள் கண்ணால் சொல்வதெல்லாம் எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுத்திருந்து கேளுங்கள்.

யாழ்ப்பாணத்துக்காரியான எனக்கு முதல் நியமனம் தர்மபுரத்துக்கு அப்பால் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குக் கிடைத்தது. கிடுகுக் கூரை, சுற்றிவர அரைச்சுவர். சுவருக்கு மேலே வெளிதான், ஆகையால் பாடம் நடக்கும்போது ஆடு எட்டிப் பார்க்கும், வயலுக்குப் போகிறவர்களும் எட்டிப் பார்ப்பார்கள். ஏழாம் ஆண்டு வகுப்பில் இரண்டு வகைப் பிள்ளைகள் இருந்தார்கள். குளத்துத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் என்னை 'ரீச்சர்' என்றார்கள். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் 'டீச்சர்' என்றார்கள். வகுப்பில் எல்லாச் சண்டையும் அந்த ஓர் எழுத்துக்குள்ளேயே ஆரம்பித்துவிடும்.

டீச்சர் என்றவர்களில் ஒருத்தி லெட்சுமி. ஐந்து பேர் இருக்கிற வாங்குப் பலகையின் ஓரத்தில், பாதி வாங்கிலும் பாதி காற்றிலுமாக இருப்பாள். வந்த முதல் நாள் நான் கேட்ட ஏதோ ஒன்றுக்கு "ஆமாங்க டீச்சர்" என்றாள். அந்த வாங்கு முழுவதும் அதைக் கிழமைக்கணக்காகப் பாட்டாகப் பாடித் திரிந்தது. அதற்குப் பிறகு அவள் தலையை மட்டும் ஆட்டுவாள். வாய் திறப்பதில்லை. நான் அதட்டியும் பார்த்தேன், கொஞ்சியும் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

பள்ளிக்கூடத்து நூலகம் என்பது ஒரு அலுமாரி. அதற்குள்ளிருந்த புத்தகங்களை எங்களுக்கு முன்பே கறையான் வாசித்து முடித்திருந்தது. எனக்கோ அப்போது பாட்டு எழுதுகிற பைத்தியம். பிள்ளைகளுக்கென்று நானே ஒரு காவியம் எழுதுவது என்று தீர்மானித்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் குளக்கட்டால்தான் நடக்க வேண்டும். அங்கே தினமும் ஒரு எருமை தண்ணீருக்குள் கிடந்து என்னைப் பார்க்கும். அதையே கதாநாயகி ஆக்கினேன். ஒரு நாட்டில் ஒரு எருமை, குளத்துத் துருசை, அந்த மதகுவாயை, அடைத்துக்கொண்டு தண்ணீருக்குள் படுத்துவிடுகிறது. தண்ணீர் வாய்க்காலுக்குப் போகவில்லை, வயல் காய்கிறது. மந்திரி வருகிறார், படை வருகிறது, கடைசியில் அரசனே வருகிறான். எருமை மட்டும் வெளியே வருவதாயில்லை. எல்லாம் விருத்தப்பா. அதில் மிக இலகுவான ஒரு பாட்டைச் சொல்கிறேன், பாருங்கள்:

காரெனக் கறுத்த மேனி, கதையென உருண்ட காலும்,
வேரெனப் புடைத்த கொம்பும், விழியினில் அசட்டைப் பார்வை,
நீரிலே நெடிது மூழ்கி நிலமகள் வியக்கு மாறே
ஊரெலாம் திரண்ட போதும் உசும்பிலா எருமை அன்றோ.

இதை நான் உருகி உருகிப் பாடி முடித்து நிமிர்ந்து பார்த்தபோது வகுப்பில் முழித்துக்கொண்டிருந்தது அரைச்சுவருக்கு வெளியே நின்ற ஆடு ஒன்றுதான். முன்வாங்குப் பிள்ளைகள் மேசையில் கன்னத்தை வைத்துத் தூங்கினார்கள். பின்வாங்குப் பிள்ளைகள் கண்ணைத் திறந்தபடியே தூங்கினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் புராணப் படிப்பு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒருவர் பாட்டை இராகத்தோடு படித்துவிட்டு நிறுத்துவார். பக்கத்தில் இருக்கிறவர் அதற்குப் பயன் சொல்வார். பயன் என்றால் வெறும் பொருள் இல்லை, உள்ளே இருக்கிற கதையை ஊராருக்கு விளங்குகிற மாதிரி விரித்துச் சொல்வது. அது முடிந்த பிறகுதான் அடுத்த பாட்டு. பாட்டுப் படிக்கும்போது சனம் தூங்கி விழுந்துகொண்டிருந்தது. பயன் தொடங்கியதும் தூணில் சாய்ந்திருந்த கிழவர்கூட நிமிர்ந்து, "பிறகு?" என்று கேட்டார். எனக்கு அங்கேயே பொறி தட்டியது. சாமி கும்பிட மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை எருமைக் காவியத்தைப் புராணப் படிப்பாக்கினேன். பாட்டுப் படிக்கச் சிவநேசன். அவனுடைய தகப்பன்தான் கோயிலில் படிக்கிறவர், ஆகவே மகனுக்குத் தொண்டையும் இருந்தது, அதற்கேற்ற தலைக்கனமும் இருந்தது. பயன் சொல்ல வகுப்புத் தலைவி கமலா. சுத்தமான பிள்ளை, இரட்டைப் பின்னல். ஆனால் அவள் சொல்கிற பயன், "எருமையானது கறுப்பாக இருந்தது, அதன் கால் கதாயுதம் போல உருண்டையாக இருந்தது" என்ற அளவில்தான் இருந்தது. ஆடு மறுபடியும் வந்து எட்டிப் பார்த்தது.

பிறகு கமலாவுக்குக் கூகைக்கட்டு வந்து, இரண்டு கன்னமும் வீங்கி வீட்டில் நின்றுவிட்டாள். மந்திரி அழைத்தும் வராத எருமையின் திமிரைப் பற்றிச் சிவநேசன் ஒரு பாட்டைப் படித்து நிறுத்தினான். பயன் சொல்ல ஆள் இல்லை. நான் யாரைப் பிடிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, வாங்கின் ஓரத்தில் லெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைக் கண்டேன்.

"என்ன சிரிப்பு?" என்று கேட்டேன்.

எழும்பி நின்றாள். வழக்கம்போலத் தலையை ஆட்டிவிட்டு இருந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"எருமைக்கு அப்படி இருக்காதுங்க டீச்சர்" என்றாள்.

அவள் பின்னேரங்களில் பக்கத்து வயல்காரரின் எருமைகளைக் குளத்துக்குச் சாய்த்துக்கொண்டு போகிறவள் என்பது எனக்குத் தெரியும். "அப்ப எருமைக்கு எப்பிடி இருக்கும்?" என்று கேட்டேன். கோபத்தில் கேட்கவில்லை, எனக்கு உண்மையாகவே அறிய வேண்டும் போலிருந்தது.

"அதுக்குத் திமிரெல்லாம் இல்லைங்க. அதை ஒரு எடத்துல இருந்து வெரட்டி விட்டாங்க, இன்னொரு எடத்துல இருந்து வெரட்டி விட்டாங்க. நடந்து நடந்து வந்து இந்தக் கொளத்துல எறங்கிச்சு. எறங்குனா சேறு நல்லாக் குளுகுளுன்னு இருக்கு. இப்ப மந்திரி வந்து வா வாங்கிறாரு. படை வந்து வாலைப் புடிச்சு இழுக்குது. எல்லாரும் இழுக்கிறாங்களே ஒழிய, ஒருத்தராச்சும் அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களாங்க? அதான் மந்திரி மூஞ்சிலேயே மூச்சா போயிருச்சு."

வகுப்பு வெடித்தது. சிவநேசன் சிரித்த சிரிப்பில் வாங்கிலிருந்து கீழே விழுந்தான். நான் எழுதிய பாட்டில் மந்திரி முகத்தில் எதுவும் நடக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஆனால் நானும் சிரித்தேன். அன்றைக்கு அவளைப் பார்த்து ஒருவரும் 'ஆமாங்க' பாடவில்லை.

அதன் பிறகு நான் ஒரு பாட்டு எழுதினால் அவள் அதற்கு ஒரு பக்கத்துக்குக் கதை சொல்வாள். பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். தகப்பன்மார் களத்தில் வைத்து, "எருமை வெளியில வந்திட்டுதோ?" என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். என்னுடைய பாடவேளைக்குக் கணக்காக அரைச்சுவருக்கு வெளியே மண்வெட்டியும் கையுமாக ஆட்கள் நிற்பார்கள். ஆட்டுக்கு இடமில்லாமல் போய்விட்டது.

ஒரு நாள் யாய விதானையாரே வந்தார். வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் திறந்துவிடுகிற அதிகாரம் அவருடையது. சால்வையைத் தோளில் சரி செய்துகொண்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ரீச்சர், உங்கட கதையிலை ஒரு பிழை கிடக்கு."

"என்ன பிழை ஐயா?"

"துருசை எருமை அடைக்கேலாது. உள்ளுக்குக் கம்பி வலை போட்டிருக்கு. எருமை கிட்டவும் போகேலாது."

"இது கதைதானே ஐயா. வேறை ஒரு நாட்டுக் குளம்."

"எந்த நாட்டுக் குளமா இருந்தா என்ன? நேற்று ரெண்டு பேர் என்னட்டை வந்து, தண்ணி பிந்தினதுக்கு எருமையோ காரணம் எண்டு கேட்டுச் சிரிக்கிறாங்கள். நான் இந்த ஊரிலை தலை நிமிர்ந்து நடக்கிறேல்லையோ? கம்பி வலையைப் பாட்டிலை போடுங்கோ."

கம்பி வலை விருத்தத்துக்குள் அடங்காது என்று அவருக்கு நான் விளக்கிய விதத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. அவர் சமாதானமாகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, வலை வருகிறதா என்று பார்க்கத் தவறாமல் வந்து நின்றார்.

இந்த நேரத்தில்தான் வட்டாரக் கல்வி அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்தது. எங்கள் அதிபர் நல்ல மனிதர். பயம் மட்டும் கொஞ்சம் கூட. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு மிளகாய்த் தோட்டம் வைத்திருந்தார், அதற்கு ஆள் போதாது என்பது அவருடைய நிரந்தரக் கவலை.

"ரீச்சர், அதிகாரி ஐயா பண்டிதர்" என்றார். "உங்கட எருமைக் கதையைக் கேள்விப்பட்டுத்தான் வாறாராம். கடைசிப் பகுதியை அவருக்கு முன்னாலை செய்து காட்டுங்கோ. ஆனா அந்த மலைநாட்டுப் பிள்ளை வேண்டாம்."

"ஏன் சேர்?"

"மூச்சா அது இது எண்டு சொல்லிப்போடும். தமிழும் வேறை மாதிரி. கமலாவுக்குச் சுகம் வந்திட்டுதுதானே, அவள் சொல்லட்டும், நீங்கள் எழுதிக் குடுத்துப் பாடமாக்குங்கோ. ஐயாவுக்குப் பிடிக்கேல்லை எண்டால் அந்தப் பாடவேளையை நான் தோட்டத்துக்கு எடுத்துப்போடுவன். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது."

தங்கைமாரே, தம்பிமாரே, எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. நியமனம் இன்னும் நிரந்தரமாகவில்லை. 'ஓம் சேர்' என்றேன். லெட்சுமியைக் கூப்பிட்டு, அன்றைக்கு மட்டும் கமலா சொல்லட்டும் என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். இவ்வளவு பாடுபட்டுத் திறந்த வாயை நானே மூடப் போகிறேன் என்று தெரிந்தது. தெரிந்தும் ஒன்றும் செய்யாமல் கமலாவுக்குப் பயன் எழுதிக் கொடுத்தேன்.

அதிகாரி வந்தார். வெள்ளை வேட்டி, மெல்லிய உடம்பு, சிரிக்கவே தெரியாத முகம். பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரேயொரு கைபிடிக் கதிரையில் அவரை இருத்தினோம். அரைச்சுவரைச் சுற்றி ஊரே நின்றது. முன்வரிசையில் விதானையார். அரசன் எருமைக்கு முன்னால் நிற்கிற கடைசிக் கட்டம். சிவநேசன் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தான்:

பொன்னெடுங் கயிறு கட்டிப் புயவலி நூறு பேரும்
மன்னவன் ஆணை ஏற்று வலித்திட எழுந்த தன்றே.

நிறுத்தினான். கமலா எழும்பி, "பொன்னாலான நீண்ட கயிற்றைக் கட்டி, வலிமை மிக்க நூறு பேரும் அரசனின் ஆணைப்படி இழுத்தபோது எருமையானது எழுந்தது" என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு இருந்தாள். அதிகாரியின் கண் மெல்லச் செருகியது. நான் சிவநேசனைப் பார்த்து, அடுத்த பாட்டு என்று சைகை காட்டினேன்.

அவன் வாயைத் திறக்கவில்லை.

"சிவநேசன், படியும்."

"ஏலாது ரீச்சர்."

"ஏன்?"

"இன்னும் பயன் சொல்லேல்லை. கமலா பாட்டைத்தான் திருப்பிச் சொன்னவள். பயன் சொல்லாமல் அடுத்த பாட்டுப் படிக்கிறேல்லை எண்டு அப்பா சொல்லியிருக்கிறார். கோயில்லை அப்பிடித்தான்."

சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு வாங்கின் ஓரத்தைப் பார்த்தான். அவன் பார்த்த இடத்தை வகுப்பே பார்த்தது. வெளியே நின்றவர்களும் பார்த்தார்கள். "மற்றப் பிள்ளை சொல்லட்டுமன்" என்று ஒரு குரல் வந்தது. அதிபர் கண்ணால் என்னைக் கெஞ்சினார். அவருடைய தலைக்குப் பின்னால் மிளகாய்ச் செடிகள் பச்சையாகத் தெரிந்தன.

"லெட்சுமி, எழும்பிச் சொல்லும்" என்றேன்.

அவள் அசையவில்லை. "லெட்சுமி!" என்றேன், கொஞ்சம் உரக்க. குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது. பக்கத்துப் பிள்ளை அவளுடைய கையைப் பிடித்து இழுத்தது. பின்வாங்குப் பிள்ளை முதுகில் தள்ளியது. ஊரெலாம் திரண்ட போதும் உசும்பவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எருமையைப் பற்றி எனக்கு முதலில் சொல்லித் தந்ததே இந்தப் பிள்ளைதானே. நானும் மந்திரி மாதிரி நின்று வா வா என்று கத்திக்கொண்டிருக்கிறேன். நல்லவேளை, எனக்கு முகத்தில் ஒன்றும் விழவில்லை. அதிகாரியை மறந்துவிட்டு அவளுக்குக் கிட்டப் போனேன்.

"லெட்சுமி, உமக்குச் சொல்ல விருப்பமோ?" என்று கேட்டேன். "விருப்பமில்லை எண்டால் வேண்டாம். நான் ஒண்டும் நினைக்க மாட்டன்."

அவள் தலையை நிமிர்த்தினாள். பிறகு, "எம் பேச்சுலேயே சொல்லவாங்க டீச்சர்?" என்றாள்.

"உம்முடைய பேச்சிலைதான்."

எழும்பினாள். பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, அதிகாரியை நேராகப் பார்த்துத் தொடங்கினாள். "நூறு பேரு இழுத்தாங்க. எருமை சும்மா ஒரு தலை ஆட்டு ஆட்டுச்சு. கயிறு பட்டுன்னு அந்துபோச்சு. நூறு பேரும் மல்லாக்க விழுந்தாங்க. கயிறோட எருமைப் பக்கத்து நுனியப் புடிச்சிருந்த ராசா மட்டும் முன்னால பறந்து போயி, கிரீடத்தோட சேத்துல குப்புற விழுந்தாரு."

வெளியே சிரிப்பு வெடித்தது. அதிகாரி கையை உயர்த்தினார். எல்லாம் அடங்கிவிட்டது. அதிபர் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை," என்றார் அதிகாரி, "பாட்டிலை கயிறு அறுந்ததாக இல்லையே? எருமை எழும்பினது எண்டுதானே இருக்கு?"

"பாட்டுல இல்லைங்கய்யா. ஆனா தங்கத்துல கயிறு திரிச்சு எருமைய இழுத்தா அந்துபோகத்தானங்கய்யா செய்யும்?"

"அறும் ஐயா!" என்று அரைச்சுவருக்கு மேலால் விதானையார் கத்தினார். "நல்ல தும்புக் கயிறே அறும். நான் சாட்சி!"

அதிகாரி விதானையாரைப் பார்த்தார். பிறகு லெட்சுமியைப் பார்த்தார். கதிரையில் முன்னுக்கு நகர்ந்து இருந்துகொண்டு, "சரி. ராசா சேத்திலை. பிறகு?" என்றார். கோயில் தூணில் சாய்ந்திருந்த கிழவரின் அதே 'பிறகு'. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"விழுந்த ராசா எந்திரிக்கப் பாத்தாருங்கய்யா. பாத்தா, சேறு குளுகுளுன்னு இருக்கு. அரமனையில அவருக்கு ஒரே வேர்வை. அப்படியே எருமை பக்கத்துல படுத்துக்கிட்டாரு."

"அது சரி," என்றார் அதிகாரி. அவருடைய குரலில் உண்மையான கவலை இருந்தது. "அப்ப தண்ணி? எருமையும் துருசுக்கு முன்னாலை, ராசாவும் துருசுக்கு முன்னாலை. வயல் காயுதே!"

அரைச்சுவருக்கு மேலால் கழுத்துகள் நீண்டன. அந்த வருடம் எல்லோருடைய வயலும் தண்ணீருக்குக் காத்திருந்த நேரம் அது.

"கரையில ஒரு வயக்காரம்மா நின்னாங்க" என்றாள் லெட்சுமி. "அவங்க எறங்கி வந்து, 'எம்மா எருமை, நீ இங்கயே இரு. போகச் சொல்லலை. கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கிட்டா எங்க வயலுக்குத் தண்ணி போகும், தள்ளிக்கிறியா?'ன்னு கேட்டாங்க. அது தள்ளிப் படுத்துக்கிச்சு. ராசாவும் தள்ளிக்கிட்டாரு. தண்ணி போயிருச்சுங்க. கேட்டாத் தள்ளிக்காதாங்கய்யா? அம்புட்டு நாளும் யாரும் கேக்கலைங்களே."

சொல்லிவிட்டு இருந்துவிட்டாள். பிறகு விதானையார் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "வலை இல்லாட்டிலும் பரவாயில்லை" என்றார்.

அதிகாரி எழும்பி வேட்டியை உதறினார். அதிபர் ஓடிப்போய் அவருக்குப் பக்கத்தில் நின்றார். அதிகாரி அவரைத் தாண்டி என்னிடம் வந்தார்.

"ரீச்சர்," என்றார், "பயன் சரி. பாட்டைத் திருத்துங்கோ."

அவ்வளவுதான். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். மிளகாய்த் தோட்டத்துக்கு அதிபர் தன்னுடைய கணக்குப் பாடவேளையைத்தான் பிறகு எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் அதற்காக அவரை மிகவும் நேசித்தார்கள்.

நான் அன்றைக்கே இருந்து பாட்டைத் திருத்தினேன்:

வல்லென இழுத்தார்க் கெல்லாம் வளைந்திடா எருமை அன்று
மெல்லெனக் கேட்ட போது மெதுவெனத் தள்ளிற் றம்மா.

சிவநேசன் படித்துப் பார்த்துவிட்டு, பழைய பாட்டில் இராகத்தை இழுக்க இடம் அதிகம் இருந்தது என்று குறைப்பட்டான். பாட்டுக்காரர்கள் அப்படித்தான், அவர்களைத் திருப்திப்படுத்த ஏலாது. உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: பிள்ளைகளுக்குக் கவிதை கொண்டுபோகும்போது பாட்டை நீங்கள் படியுங்கள், பயனை அவர்களிடம் விடுங்கள். அவர்கள் சொல்வது உங்கள் பாட்டில் இல்லையென்றால் அது உங்கள் பாட்டின் குறை. இதை நான் ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னபோது ஒரு தம்பி, அப்படியானால் எருமை மூச்சா போவதையும் விட்டுவிடுவதா என்று கேட்டார். விடுங்கள் தம்பி. அதற்குத்தான் முதலில் சிரித்தார்கள்.

அதிகாரி வந்து போன அடுத்த திங்கட்கிழமை காலை, நான் வகுப்புக்குள் போனபோது லெட்சுமி இன்னும் வாங்கில் இருக்கவில்லை. வாங்கின் ஓரத்தில், தன்னுடைய அரை இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அந்த வாங்கில்தான் கமலாவும் இருந்தாள், கூகைக்கட்டு வற்றிய கன்னத்தோடு.

"கமலா," என்றாள் லெட்சுமி, வகுப்பு முழுவதும் கேட்கிற மாதிரி, "கொஞ்சம் தள்ளி ஒக்காரு."

நான்கு பேரும் தள்ளி இருந்தார்கள்.